கலுங்கு திறக்கும் கை

ஆகஸ்ட் 18

காலையிலிருந்து ஒரே காற்று. கண்மாய்ப் புழுதி பூராவும் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் வந்து உட்காருகிறது. பெருக்கிப் பெருக்கி இடுப்பு விட்டுப்போச்சு. கண்மாயில் ஒரு காக்கை குடிக்கத் தண்ணீர் இல்லை, நடுவில் ஆடுகள் படுத்துக் கிடக்கின்றன. அந்தக் கண்மாயின் பாசன சங்கத்துக்கு நான் தலைவி! சொல்லிக்கொள்ள எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

தாஜுன்னிசா ஏர்வாடியிலிருந்து வந்தாள். வருஷா வருஷம் என்னிடம் முண்டு மிளகாய் வற்றல் வாங்கிக்கொண்டு போய் தர்கா பக்கம் விற்கிறவள். வற்றலைவிட அவளுக்கு முக்கியம் கையோடு கொண்டுவரும் இரண்டு நீலக் கேன்கள்தான். கரையோரக் கிணற்றில் நிரப்பிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறுவாள். "எங்க ஊர்த் தண்ணியில டீ போட்டா பால் திரிஞ்சு போகுதுக்கா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். இன்றும் சொன்னாள்.

அவள் கிளம்பும் நேரத்தில் என் கொழுந்தன் வீரபத்திரன் வந்தான். சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். பைக்கை நிறுத்தக்கூட இல்லை, தெருவிலிருந்தே கத்தினான். "மதினி! நம்ம கண்மாயை நீர்த்தேக்கமா ஆக்கப் போறாங்களாம்! வைகை வெள்ளத்தைப் புதுக் கால்வாய் வெட்டி இங்கன திருப்பப் போறாங்க. இனிமே ஆவரங்குடியில வருஷம் பூரா தண்ணி!"

தாஜு கேனைக் கீழே வைத்துவிட்டு, "எங்களுக்கு வருமா தம்பி?" என்றாள்.

"உங்களுக்குத்தான் முதல்ல. ஏர்வாடி, வாலிநோக்கம் வரைக்கும் குடிதண்ணி."

அவள் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.  நல்ல நாள்.

செப்டம்பர் 5

அதிகாரிகள் வந்து பள்ளிக்கூடச் சுவரில் வரைபடம் ஒட்டினார்கள். கரையை உயர்த்துவார்களாம், ஆழமாக்குவார்களாம். ஆற்றிலிருந்து வரும் கால்வாய் நீலக் கோடு. எல்லோரும் கை தட்டினோம்.

படம் என்றால் முதலில் நான் தேடுவது என் பிறந்த ஊரைத்தான். நெடுவயல். எங்கள் கண்மாய் நிறைந்தால் மிஞ்சுகிற தண்ணீர் கலுங்கு வழியாக வழிந்து, ஓடையில் ஓடி, நெடுவயல் கண்மாய்க்குப் போகும். அந்த மறுகால் தண்ணீரை விட்டால் நெடுவயலுக்கு வேறு வரத்து கிடையாது. படத்தில் கலுங்கு இருக்க வேண்டிய இடத்தில் தடிமனாக ஒரு கறுப்புக் கோடு. ஓடையைக் காணோம்.

கேட்டேன். "கலுங்கை மூடிச் சுவர் கட்டுறோம்மா. மிஞ்சுற தண்ணி குழாய்ல கடற்கரைப் பக்கம் போயிரும்" என்றார் இன்ஜினியர்.

"அப்ப நெடுவயலுக்கு?"

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "அதுக்குத்தான் ஆட்சேபணை இல்லைன்னு உங்க சங்கம் ஒரு தீர்மானம் போட்டுக் கொடுக்கணும். தலைவர் கையெழுத்துப் போட்டாப் போதும்."

தலைவர் நான்தான் என்றேன். அப்படியென்றால் சுலபம் என்றார்.

என்ன சுலபம்? அங்கே என் அண்ணன் இருக்கிறார், அண்ணன் வயல் இருக்கிறது.

செப்டம்பர் 6

என் வீட்டுக்காரரிடம் யோசனை கேட்டேன். "போட்டாலும் ஏச்சு, போடாட்டியும் ஏச்சு. சோத்தைப் போடு" என்றார். தனுஷ்கோடி என்கிற மனுஷனிடம் இதற்கு மேல் எதிர்பார்த்தது என் குற்றம்.

அக்டோபர் 4

அண்ணன் வந்தார், நெடுவயல் ஆட்கள் சிலரோடு. என் வீட்டுக்கு இல்லை. நேரே கண்மாய்க்கரை வேப்பமரத்தடிக்கு.

சங்கக் கட்டிடத்தில் நாற்காலிகள் இருக்கின்றன, சாவி வீரபத்திரனிடம். "இந்தா வாரேன்" என்று போனில் சொன்னவன் வெயில் இறங்கித்தான் வந்தான். அதுவரை அவர்கள் மரத்து வேரில் உட்கார்ந்திருந்தார்கள். நான் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டீ சொல்லி அனுப்பினேன். அது வருவதற்குள் ஆறி ஆடை கட்டிவிட்டது. ஒருத்தர் முகத்தைச் சுளித்துக் கீழே வைத்தார். அண்ணன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தார்.

"நாங்க புதுசா ஒண்ணும் கேக்கலை மாப்ளே" என்றார் வீரபத்திரனிடம். "கண்மாய் நிறைஞ்சா எங்க ஊர்க் கை வந்து கலுங்கைத் திறக்கும். அந்த வழக்கம் அப்பிடியே இருக்கட்டும்னு கேக்குறோம்."

அது எந்தக் காலத்து வழக்கமோ. கலுங்கில் வரிசையாக நிற்கும் கற்களுக்கு நடுவே நாங்கள் களிமண்ணும் வைக்கோலும் வைத்து அடைப்போம். தண்ணீர் கல்லின் தலையைத் தொட்டதும் நெடுவயலுக்குச் சொல்லி அனுப்புவோம். அவர்கள் ஆள்தான் முதல் மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். எடுத்ததும் எங்கள் ஊர் அவர்களுக்குச் சோறு போடும். நான் வாக்கப்பட்டு வந்த வருஷம் அண்ணன்தான் மண்வெட்டியோடு வந்தார். கல்யாணத்துக்கு வந்ததைவிடப் பெருமையாக வந்தார்.

"பார்ப்போம் மச்சான்" என்றான் வீரபத்திரன். அவ்வளவுதான் கூட்டம்.

வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கண்ணே என்றேன். "இன்னைக்கிக் கேக்க வந்திருக்கேன்ல உமா. கேக்க வந்த எடத்துல கை நனைக்கக் கூடாது. நீ கையெழுத்துப் போட்டாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன். போடுறதுக்கு முந்தி ஒருவாட்டி நம்ம வரப்புல வந்து நின்னு பாத்துட்டுப் போடு."

கேக்க வந்த எடமா? என் வீடாண்ணே?

அக்டோபர் 20

மிளகாய் நாற்று நட்டு முடிந்தது. கண்மாய்த் தண்ணீர் நிற்கும் உள்வாய்க்குச் சற்று மேலே கொல்லை இருப்பதால் ஈரம் நன்றாக நிற்கிறது. முதுகுதான் நிற்க மாட்டேன் என்கிறது.

நவம்பர் 14

கண்மாய் நிறைஞ்சிருச்சு! மழையும் விடவில்லை, மேலே கிடாரியேந்தல் கண்மாய் நிறைந்து அதன் மறுகாலும் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. கரையில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி கூச்சல் போட்டேன். ஒரு செருப்பு சேற்றோடு போச்சு. போகட்டும்.

நவம்பர் 16

நெடுவயலுக்குச் சொல்லி அனுப்ப வேண்டிய நாள். அரிசி ஊறப்போட்டுவிட்டுக் கலுங்குக்குப் போனால், கல்லுக்கு மேலே மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறான் வீரபத்திரன்.

"அளவெடுக்க வாராங்க மதினி. தண்ணி கம்மியா நின்னா, இங்கன கொள்ளாதுன்னு எடத்தை மாத்திருவாங்க. கொஞ்ச நாள் பொறுங்க. உங்க அண்ணன் ஊரு எங்கயும் ஓடிப்போகாது."

எடுடா மூட்டையை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தாஜுன்னிசாவின் கேன் ஞாபகத்தில் இருந்தது, அதனால்தான் என்று எழுதலாம். பொய். எங்கள் ஊர்க் கண்மாய் கடல் மாதிரி நிற்பதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

நவம்பர் 19

அண்ணன் போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

நவம்பர் 25

அளவெடுப்பு முடிந்தது. தண்ணீர் எங்கள் மிளகாய்க் கொல்லைகளுக்குள்ளும் ஏறி நிற்கிறது. "வருஷா வருஷம் இம்புட்டுத் தண்ணி நிக்குமா?" என்று கேட்டார் இன்ஜினியர். "இதைவிட மேலயும் நிக்கும் சார்!" என்றான் வீரபத்திரன். ஊரே தலையாட்டியது. என் தலையும் ஆடியது.

டிசம்பர் 1

மூட்டையை எடுக்கச் சொன்னேன். இன்னொரு தடவை பார்க்க வருவார்களாம், அதுவரை தொடாதீர்கள் என்கிறான். மழை நின்றுவிட்டது. வானம் துடைத்துவிட்டது போல வெளுத்துக் கிடக்கிறது. நெடுவயலில் நெல் இப்போது எந்த நிலையில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

டிசம்பர் 9

மஞ்சள் கல். என் மிளகாய்க் கொல்லையைத் தாண்டி, புளியமரத்துப் பக்கம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் எல்லாமே இனி நீர்த்தேக்கம். என் கொல்லை, கோனார் வீட்டுக் கொல்லை, மாரீஸ்வரன் கொல்லை, எல்லாம் உள்ளே.

மூட்டை போட்டு நிறுத்தின தண்ணி எங்க கொல்லைக்குள்ள ஏறி நின்னுச்சில்ல, அது எதுவரைக்கும் ஏறுச்சோ அதுதான் எல்லையாம்! நாங்களே இழுத்துவிட்ட தண்ணி. செடி எல்லாம் வேரழுகிச் சாஞ்சு கிடக்கு. பிடுங்கினா கையோட வருது. ஐயோ, எம்புட்டு ஆசையா நட்டேன்!

டிசம்பர் 11

இன்ஜினியரிடம் போய் நின்றோம். கோபப்படாத மனுஷன், அதுவே பெரிய தொந்தரவு. "நீங்கதானம்மா வருஷா வருஷம் நிக்கும்னு சொன்னீங்க? நின்ன தண்ணியத்தான் நான் குறிச்சேன். தப்புன்னா கருத்துக் கேட்புக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. மறுபடி அளக்குறோம்."

வெளியே வந்ததும் ஊருக்குள் ரெண்டு கட்சி. கொல்லை போனவர்கள் சொல்லியே ஆகணும் என்கிறார்கள். போகாதவர்கள் வாயைத் திறக்காதே என்கிறார்கள். வீரபத்திரனின் வயல் எல்லைக்கு வெளியே பத்திரமாக இருக்கிறது. "சொன்னா என்ன ஆகும் தெரியுமா மதினி? கலுங்குக் கல்லுக்கு மேல நிக்கிற தண்ணி நம்முது இல்ல, நெடுவயலுதுன்னு நம்ம வாயாலயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அப்புறம் சுவரும் கட்ட முடியாது, நீர்த்தேக்கமும் வராது."

அவன் சொல்வது சரிதான். அதுதான் எரிச்சல்.

டிசம்பர் 13

கடைசியில் மூட்டையை எடுத்தார்கள். எங்கள் ஊர் ஆட்களே எடுத்தார்கள். நெடுவயலுக்கு யாரும் சொல்லவில்லை, யாரும் சோறு ஆக்கவில்லை. கண்மாய் அதற்குள் இறங்கிவிட்டதால் ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான் போயிற்று.

ஜனவரி 12

அண்ணன் பொங்கல் சீர் கொண்டுவந்தார். கரும்பு, மஞ்சள் கொத்து, பானை, அரிசி. என் கல்யாணத்திலிருந்து ஒரு வருஷமும் தவறியதில்லை. ஒவ்வொரு வருஷமும் அவர் வயலில் விளைந்த நெல்லைக் குத்தி வெள்ளைத் துணியில் கட்டிக்கொண்டு வருவார். இந்தத் தடவை பிளாஸ்டிக் பை. பையில் யானைப் படம்.

"கடை அரிசிதான் உமா. பொங்கினா குழையாது, தண்ணியைக் கொஞ்சம் கூட வச்சுக்க" என்றார். குறை சொல்லவில்லை. ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி அழுதிருப்பேன். அழக்கூட வழி விடாமல் டவுன் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்.

ஜனவரி 19

நெடுவயலுக்குப் போனேன். வரப்பில் நின்றேன். அண்ணன் கூட வரவில்லை, போய்ப் பார் என்று கையைக் காட்டிவிட்டு மாட்டுக்குத் தீவனம் போடப் போய்விட்டார்.

பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லாமல் போன நெல். ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினேன். கையில் ஒன்றும் நிற்கவில்லை.

ஒன்று எழுதியாக வேண்டும். மஞ்சள் கல் என் கொல்லையில் விழாமல் இருந்திருந்தால் இந்த வரப்புக்கு நான் வந்திருப்பேனா? யோசித்துப் பார்க்கிறேன், பதில் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 11

கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். நான் மைக்கைப் பிடித்ததும் அது ஊளையிட்டது. நாலு பேர் சிரித்தார்கள். நல்லதுதான், பயம் கொஞ்சம் குறைந்தது.

சொல்லிவிட்டேன். அன்றைக்கு நின்றது மூட்டை போட்டு நிறுத்தின தண்ணி என்று சொன்னேன். "கலுங்குக் கல்லுக்கு மேல நிக்கிற தண்ணி ஆவரங்குடியோடது இல்ல சார். நெடுவயலோடது. அதான் அவங்க ஊர்க் கை வந்து திறக்கிறது. கல்லுக்குக் கீழ நிக்கிறதுல கடற்கரைக்குக் குடிக்க எடுத்துக்கங்க, ஒரு வார்த்தை பேச மாட்டோம். எங்களுது இல்லாததைத் தூக்கிக் கொடுக்க நாங்க யாரு? அந்தத் தீர்மானத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஒரே சத்தம். "பிறந்த ஊருக்கு வாலாட்டுறா" என்று பின்னாலிருந்து ஒருத்தன். அதற்குப் பிறகு இன்னொரு குரல் கேட்டது. "அவ பேசி முடிக்கட்டும்டா." திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர். தூணுக்குப் பக்கத்தில் எழுந்து நின்றிருந்தார். சோற்றைத் தவிர வேறொன்றுக்கு அந்த வாய் திறந்து எத்தனை வருஷம்!

பிப்ரவரி 17

தாஜுன்னிசா வந்தாள். வற்றல் இல்லை என்று தெரிந்தும் வந்தாள், கேன்களோடு. கிணற்றடியில் நின்று இறைத்தாள். நான் கயிற்றை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை.

"உங்க அண்ணன் வயலுக்கு ஓடுற தண்ணி எங்க பிள்ளைங்க தொண்டைக்கு வந்தா குத்தமாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

குற்றம் இல்லை தாஜு.  குடிதண்ணீருக்கு முன்னால் நெல் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அவளுக்குக் கொடுக்க வேண்டியதை எங்கள் பங்கிலிருந்து கொடுக்காமல், கேட்க நாதியில்லாதவன் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு நாங்கள் தர்மவான் ஆகப் பார்த்தோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆட்டோ வரைக்கும் ஒரு கேனை நான் தூக்கிக்கொண்டு போனேன். அதை மட்டும் விட்டாள்.

மார்ச் 3

சங்கக் கூட்டம். என்னை மாற்றிவிட்டு வீரபத்திரனைத் தலைவர் ஆக்கினார்கள். நானும் கை தூக்கினேன். தலைவி வேலையில் எனக்கு மிஞ்சியது ஒரு பொன்னாடை, அதை வீட்டுக்காரர் மாட்டுக்கொட்டகையில் கொசுவுக்குக் கட்டியிருக்கிறார்.

மே 22

மறுபடி அளந்தார்கள். எங்கள் கண்மாய் கொள்ளாதாம். மஞ்சள் கல்லைப் பிடுங்கிப் போட்டார்கள். தெருவில் பாதிப் பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. கடைக்காரர் மட்டும் பேசுகிறார், அவருக்கு வேறு வழி இல்லை.

ஜூலை 30

வீரபத்திரன் வாசலில் வந்து நின்றான். கூட்டம் நடந்த நாளிலிருந்து இந்தப் பக்கமே வராதவன். பைக்கை அணைத்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"நீர்த்தேக்கம் கிடாரியேந்தலுக்குப் போயிருச்சு மதினி. அங்கன கலுங்கை மூடிச் சுவர் கட்டப் போறாங்களாம்."

கிடாரியேந்தல் எங்களுக்கு மேலே. அதன் மறுகால் வந்தால்தான் எங்கள் கண்மாய் நிறையும். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.  எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் பயம் வந்தது.

ஆகஸ்ட் 9

தாஜு வந்து போனாள். முகம் தெளிந்திருக்கிறது. "எங்கயிருந்து வந்தா என்னக்கா, இன்ஷா அல்லாஹ் வந்துரும்" என்றாள். நாங்கள் கிடாரியேந்தலுக்குப் போய்க் கேட்கப்போகிறோம் என்று சொன்னேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். "கேளுங்க. எங்களுக்குக் குடிக்கிறதுக்கு வச்சிட்டுக் கேளுங்க." அதற்குச் சரி என்று கை அடித்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 14

கிடாரியேந்தலுக்குப் போய்விட்டு வந்தோம். வீரபத்திரன், என் வீட்டுக்காரர், மாரீஸ்வரன், நான். இன்னொருவர் என் அண்ணன். வீரபத்திரனே நெடுவயலுக்குப் போய்க் கூப்பிட்டானாம். "எனக்கு அதட்டிப் பேசித்தான் பழக்கம் மச்சான். கேட்டுப் பழக்கம் இல்ல. நீங்க கூட வரணும்" என்றானாம்.

வேனில் அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தார். "காக்க வைப்பாங்க மாப்ளே. கைக்கடிகாரத்தைப் பாக்காத. டீ ஆறிப்போய்த்தான் வரும். குடிச்சிரணும். கோவிச்சு எந்திரிச்சா அதையே சாக்கா வச்சுக் கூட்டத்தை முடிச்சிருவாங்க. சாப்பிடச் சொன்னா வேணாம்னு சொல்லிரு." வீரபத்திரன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தான்.

அங்கே புளியமரம். நாற்காலி இல்லை. வேரில் உட்கார்ந்தோம். வெயில் மரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்த பிறகு அவர்கள் தலைவர் வந்தார். டீயும் வந்தது, ஆடை கட்டி. அண்ணன் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தார். வீரபத்திரன் தன் டம்ளரைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

கடற்கரைக்குக் குடிக்க எடுத்துக்கொண்டு மிச்சத்தை எங்களுக்கு விடுங்கள், எங்களுக்கும் கீழே நெடுவயல் இருக்கிறது என்று கேட்டோம். அண்ணன் பேசும்போது 'நாங்க' என்றுதான் பேசினார், 'இவங்க' என்று சொல்லவில்லை. அவர்கள் தலைவர் எல்லாம் கேட்டுக்கொண்டு, "பார்ப்போம்" என்றார்.

 வேன் திரும்பி ஊருக்குள் நுழையும்போது வீரபத்திரன் கேட்டான். "மதினி, அன்னைக்கு நம்ம குடுத்த டீயும் இப்பிடித்தான் இருந்துச்சா?"

இப்படித்தான் இருந்தது தம்பி என்றேன்.

அக்டோபர் 26

கிடாரியேந்தலிலிருந்து இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சுவர் வேலையும் தொடங்கவில்லை. மிளகாய் நட்டாயிற்று.

நவம்பர் 10

ராத்திரி நல்ல மழை. விடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு கலுங்குக்குப் போனேன். தண்ணீர் கல்லின் தலையைத் தொட்டுக்கொண்டு நின்றது. நெடுவயலுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, எனக்கு முன்னாலேயே வீரபத்திரன் அங்கே இருந்தான். சங்கத்து நாற்காலிகளைக் கரையில் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றாகத் துண்டால் ஈரம் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மூன்று கல் கூட்டி அடுப்பு. ஈர விறகு பிடிக்காமல் புகைந்தது.

நான் உட்கார்ந்து அடுப்பை ஊதினேன். பிடித்துக்கொண்டது. டீப் பாத்திரத்தை வைக்கப் போனேன்.

"இப்ப வைக்காதீங்க மதினி" என்றான். "அவங்க பஸ்ஸை விட்டு இறங்கட்டும். இப்பவே வச்சா ஆறிரும்."